மேஜைக் காலடியில் என் ஜாக்

என் லாரி ஜாக் ஐந்து வருஷமாக என்னிடம் இல்லை. திருட்டுப் போகவில்லை. பினாங்கில் எங்கள் லாரிக் கம்பெனியின் வெல்ட் கீ ஆபீஸில் பிரிண்டர் மேஜையின் ஒரு காலைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில் டயர் வெடித்து, யாராவது ஜாக் தருவானா என்று இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். அப்போதும் போய்க் கேட்கவில்லை. காரணம் சற்குணம் அண்ணன்.

அவருடைய அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணனும் கிராணிதான். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் வீடு. தினமும் ஃபெர்ரி ஏறி ஏழு இருபதுக்கு ஆபீஸுக்கு வருவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் மூன்று பேனா, அட்டையில் 555 என்று போட்ட சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று. அந்தப் புத்தகம் முழுக்கக் கம்ப்யூட்டருக்குத் தட்ட வேண்டிய கட்டளைகள். வேறு யார் தொட்டாலும் கத்துவார்.

எங்கள் ஆபீஸில் முதலில் யூனிக்ஸ் ஓடிய பெரிய மெஷின் ஒன்று இருந்தது, ஐஸ்பெட்டி உயரத்தில். அண்ணன் பத்து வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினார். 1992-இல் முதலாளி திருநாவுக்கரசு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டாஸ் கம்ப்யூட்டர் வாங்கினார். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. யாரோ ஒரு கூட்டாளியிடமிருந்து, யூனிக்ஸ் கட்டளைகளை டாஸிலேயே ஓட்டும் சாமான் நாலு டிஸ்கெட் வாங்கி வந்து உள்ளே ஏற்றினார். பழைய வீட்டுச் சட்டிபானையைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி.

முதல் நாளே சண்டை. கோப்பு இருக்கும் வழியைச் சொல்ல, அவருடைய சாமானுக்குக் கோடு ஒரு பக்கம் சாய வேண்டும். மெஷினின் சொந்தப் புரோகிராமுக்கு மறுபக்கம் சாய வேண்டும். மாற்றிச் சாய்த்தால் என்னவென்றே தெரியாது என்று சொல்லும். அண்ணன் அதைக்கூடச் சமாளித்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமைதான் வினை. அன்றைக்குத் துறைமுகத்துக்குள் போக வேண்டிய எங்கள் லாரி நம்பர்களை ஒரு தாளில் அடித்து பட்டர்வொர்த் கேட்டில் கொடுப்போம். தாளில் நம்பர் இருந்தால்தான் லாரி உள்ளே போகும். நான் போய் நின்றேன். கேட்டில் காஜா மொய்தீன் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"முனுசாமிண்ணே, ஒங்க நம்பர் இல்லையே."

"நல்லாப் பாருலா."

"பாத்துட்டேன். எட்டு லாரி படியெறங்கிப் போயிருக்கு. ஒம்பதாவது தாளை விட்டே குதிச்சிருச்சு."

வாங்கிப் பார்த்தேன். உண்மை. முதல் நம்பர் இடது ஓரம். இரண்டாவது, அது முடிந்த இடத்துக்கு நேர் கீழே. மூன்றாவது இன்னும் தள்ளி. அப்படியே மாடிப்படி மாதிரி இறங்கி எட்டாவது வலது ஓரத்தைத் தொட்டது. என் லாரி பதினொன்றாவது. நான் காகிதத்துக்கு வெளியே எங்கேயோ காற்றில் நின்றிருக்கிறேன்.

அன்று ஆறு லாரி திரும்பி வந்தது. முதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வெள்ளிக்கெழமைக்குள்ள நேரா அடிக்கணும். கோளாறு ஒங்க யூனிக்ஸ் சாமான்லன்னா அத அழிச்சிட்டு நீங்க புக்கிட் தெங்கா கூடங்குக்குப் போங்க." கூடங்கு என்றால் மிளகாய் மூட்டைக் கிடங்கு. அண்ணனுக்கு மிளகாய் நெடி பட்டால் மூச்சே நின்றுவிடும். பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருஷம்.

மூன்று நாள் அவர் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய சாமானால் திரையில் போட்டுப் பார்த்தால் பட்டியல் நேராக நிற்கிறது. பிரிண்டருக்கு அனுப்பினால் படி இறங்குகிறது. வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"முனுசாமி, இந்தக் கட்டடம் எத்தனை வயசு?"

"யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் காலத்துது."

"தரை சாய்வு காணும். அதுதான் பிரிண்டர் சறுக்குது. உம்மட ஜாக்கைக் கொண்டு வாரும்."

லாரி ஓட்டுபவனுக்குத் தெரியும், வண்டி சாய்ந்தால் சரக்கு சறுக்கும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கினேன். மேஜையின் மூன்று காலுக்குச் செங்கல், நாலாவது காலுக்கு ஜாக். குமிழி நடுவில் வந்து நின்றது. மேஜை நெஞ்சு உயரம் ஏறிவிட்டது. அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நின்று பட்டியலை அடித்துத் தாளைக் கிழித்து எடுத்தார்.

படி. அதே படி.

"இன்னும் கொஞ்சம் ஏத்தும்."

"ஏத்துனா கூரையிலதான் முட்டும்ணே."

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் டைப்பிஸ்ட் ரொஸ்னா டைப்ரைட்டரில் ஏதோ ஃபாரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் கம்பியைத் தள்ளுவாள். தாள் ஒரு வரி ஏறும், தாளைச் சுமக்கும் உருளை வலது பக்கம் ஓடி, அடுத்த வரி இடது ஓரத்தில் தொடங்கும். எனக்குப் பொழுது போகவில்லை.

"ரொஸ்னா, அதத் தள்ளாம தாளை மட்டும் ஏத்துனா என்னாகும்?"

அவள் சிரித்துக்கொண்டே குமிழை மட்டும் திருகி அடித்துக் காட்டினாள். எழுத்து விட்ட இடத்துக்கு நேர் கீழே விழுந்தது. படி.

அண்ணன் ஸ்டூலிலிருந்து குதித்தார். "தாள் ஏறுது, தலை திரும்பேல்லை! பழைய மெஷின் தானாத் திருப்பிவிட்டது. நான் பத்து வருஷமாக் கவனிக்கேல்லையே!"

யூனிக்ஸ் வரி முடிவில் ஒரே ஒரு மறைகுறிதான் வைக்குமாம், கீழே இறங்கு என்று. டாஸில் இன்னொன்றும் வேண்டுமாம், இடது பக்கம் போ என்று. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத சாமானுக்காகவா நான் மேஜையைத் தூக்கினேன் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

உடனே மூலப் பட்டியலிலேயே அந்தக் குறியைச் சேர்த்தார். அடித்தால் வெள்ளைத் தாள் வந்தது. ஒரு லாரிகூட இல்லை. காலையில் எட்டு லாரியாவது இருந்தது. அன்றைக்குப் போகும் லாரியைப் பொறுக்க, வரியின் கடைசியில் என்ன இருக்கிறது என்று தேடுகிற அவருடைய கட்டளை, அங்கே இந்தக் குறியைக் கண்டதும் எல்லா லாரியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டதாம். குறியை எடுத்துவிட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகு பிரிண்டருக்குப் போகும் வாசலில் மட்டும் சேர்த்தார். பதினான்கு லாரியும் இடது ஓரத்தில் வரிசையாக வந்து நின்றன. ஜாக்கைக் கழற்றக் குனிந்தேன். "நாளைக்குப் பாப்பம், ஃபெர்ரிக்கு நேரமாச்சு" என்றார்.

ஜாக்கை அன்றைக்கே கழற்றாததுதான் நான் செய்த தப்பு. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே முதலாளி வந்துவிட்டார். தாளைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். ஜாக்கைப் பார்த்தார்.

"ஓ, தரைதான் கோணலா! நான் ஒங்க சாமான்தான்னு நெனச்சு அழிக்கச் சொல்ல வந்தேன்லா."

அண்ணன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் சாமானும் போகும், அவரும் மிளகாயோடு போவார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஓம் முதலாளி," என்றார். "தரைதான்."

"அப்ப அத யாரும் தொடக் கூடாது."

அடுத்த வாரம் ஆயுத பூஜை. முதலாளி கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார், பிரிண்டருக்கு வைத்தார், பிறகு தரையில் உட்கார்ந்து என் ஜாக்குக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார். ஜாக் இல்லாத என் லாரிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தோடு சரி. ஐந்து வருஷமும் அதே பூஜைதான். அண்ணன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக் கும்பிடுவார். பக்தியா, சிரிப்பை அடக்கவா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கேக் வெட்டினார்கள். 555 புத்தகத்தை ரொஸ்னாவிடம் கொடுத்தார். நான் காதோடு கேட்டேன்: "இப்பவாச்சும் உண்மையச் சொல்லிட்டு என் ஜாக்க எடுத்துக்கலாமாண்ணே?"

அவர் பதறிப்போனார். என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எடுத்தால் எல்லாம் நேராத்தானே அடிக்கும்? அப்ப ஐந்து வருஷம் என்னத்தைக் கும்பிட்டனான் எண்டு அந்த மனுசன் கேக்கும். பென்ஷன் காசு இன்னும் கைக்கு வரேல்லை. ஒண்டு செய்யும் முனுசாமி, மாசம் ஒருக்கா வந்து ஜாக்குக்கு எண்ணெய் விடும். துருப்பிடிச்சு இறங்கிச்செண்டால் ரெண்டு பேரும் துலைஞ்சம்."