ஹாப் புல்

எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தில் எனக்குக் கீழ்வீட்டு முஸ்லிம் நண்பர் புடவைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். சும்மா கிடக்கும் அவருடைய தென்னந்தோட்டத்தில் இருவருமாக மாடு வளர்ப்பது என்று தீர்மானித்தோம். எங்கள் வயதைக் கூட்டினால் நூற்று நாற்பத்தெட்டு. கூட்டிப் பார்த்தவன் நான்தான்.

இயற்கைப் பால்பண்ணைப் பயிற்சியில் சேர்ந்தோம். செயற்கை உரம் கிடையாது. மாட்டை மேய்த்தே மண்ணைத் தேற்ற வேண்டும். புல்வெளியைக் கயிற்றால் கட்டம் கட்டமாகப் பிரித்து மாட்டை மாற்றி மாற்றி விடுவார்கள். கடைசி நாள் பாமன்கடை வாய்க்கால் ஓரத்தில் சோதனை. தேறியவர்களுக்குக் கடனில் ஒரு பசு தருவார்கள்; கட்டத்தை அடிவரை மேயவிட்டவர்களுக்குக் கிடையாது. அந்தப் பசு இல்லாவிட்டால் எங்களுக்குப் பண்ணையே இல்லை.

பயிற்சியாளர் யாழ்ப்பாணத்துப் பெண். பசுவை எங்களிடம் விட்டுவிட்டு, "ஐயா, ஹாப் புல் ஆனதும் மாத்துங்கோ" என்று சொல்லிப் போனார்.

"அதென்ன சேர்?" என்றார் நண்பர்.

"பாதி வயிறு" என்றேன். சந்தேகமே வரவில்லை. இடப்பக்க விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளம் நிரம்பினால் மாட்டுக்கு வயிறு நிறைந்தது என்று முதல் வகுப்பிலேயே படித்திருந்தோம்.

பசுவின் இடப்பக்கம் போய் நின்றுகொண்டோம். நான் வாய் வாயாக எண்ணினேன். நானூறு தாண்டியதும் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"இன்னும் பள்ளம் ஈக்கிது சேர்."

"ஈக்கட்டும். நிரம்பினா அது ஃபுல். எங்களுக்கு ஹாப் போதும்."

"மாடு பாவம், பசியோட பாக்குது."

"பரீட்சை மாட்டுக்கோ, எங்களுக்கோ?"

மாற்றினோம். திரும்பி வந்த பயிற்சியாளர் பழைய கட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏன் இவ்வளவு கெதியா மாத்தினனீங்கள்? முக்கால்வாசி அப்பிடியே நிக்குது!"

"வயிறு பாதி நிரம்பிட்டுது, பிள்ளை."

"வயிறோ? ஐயா, நான் புல்லைச் சொன்னனான்! மேயிற புல்லு! பாதி மிஞ்சேக்க மாத்தச் சொன்னனான்!"

"தமிழ்லயா செல்லினீங்க?" என்றார் நண்பர்.

"புல்லு தமிழ்தானே!"

"ஹாப்? நாங்க கொழும்பு ஆக்கள் மகள். ஹாப்புக்குப் பின்னால வாறதெல்லாம் எங்களுக்கு இங்கிலீஷ்தான்."

பயிற்சியாளர் சிரிப்புத் தாங்காமல் வரம்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசு போச்சா இல்லையா என்று கேட்டேன்.

"கூட மேஞ்சாத்தான் மண்ணுக்குக் கேடு. குறைய மேஞ்சதுக்கு ஃபெயில் போட ஏலாது. பசு தாறன். ஆனா ஒராள் மாட்டைப் பாக்கோணும், மற்ற ஆள் புல்லைப் பாக்கோணும்."

சொல்லி முடிப்பதற்குள் நண்பர் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மிஞ்சியது புல். அதை எப்படி எண்ணுவது என்று கேட்டேன்.

"எண்ணாதேங்கோ ஐயா, உயரத்தைப் பாருங்கோ."

சென்ரிமீற்றரிலா அங்குலத்திலா என்று அவர் சொல்லவில்லை.