மிருகக்காட்சிசாலைக்குப் போன யானை

காகிதத்தில் நாய்தான் சுலபம். சதுரமாகக் கிழித்த தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். இரண்டு பக்கத்து முனைகளையும் கீழே மடக்கினால் காது. அடியில் நிற்கும் முனையைக் கொஞ்சம் மடக்கினால் வாய். அவ்வளவுதான் நாய். காதை மேலே தூக்கி மடக்கினால் பூனை. முதல் மடிப்பில் மூலையும் மூலையும் சரியாக ஒட்டி நிற்க வேண்டும், அதில்தான் கவனம். யானைக்கு மடிப்பு அதிகம். புதிதாகச் செய்கிறவர்கள் தும்பிக்கைக்கு வரும்போது கிழித்துவிடுவார்கள்.

போனக்காடு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. அங்கே கற்றதில் இன்னும் கையில் நிற்பது இந்த மடிப்புகள்தான். நான் சொல்லப்போவது மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது. தங்கச்சியை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் கொழுந்து எடுக்கப் போய்விட்டால், பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, திருவனந்தபுரத்தில் இருந்தாள். மாமாவுக்குச் சாலை பஜாரில் காகிதக் கடை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் இருவரில் ஒருத்தியை வளர்க்கத் தரச்சொல்லி அத்தை கேட்டிருந்தாள். அப்பாவும் சரி என்று சொல்லியிருந்தார். இதெல்லாம் பெரியவர்களுக்குள் நடந்த பேச்சு. அத்தை வந்து ஒருத்தியைக் கூட்டிப்போய் மிருகக்காட்சிசாலை காட்டுவாள் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள்.

ராத்திரியில் காட்டு யானைகள் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குப் பின்னால் வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போகும். வாழை முறிகிற சத்தம் கேட்கும். அப்பா கதவைத் திறக்க விடமாட்டார். வீட்டுக்குப் பின்னாலேயே வருகிற யானையைக் காசு கொடுத்து ஊரில் போய்ப் பார்க்க எங்களுக்கு அப்படி ஓர் ஆசை.

அத்தை வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னை மட்டும் தலை முழுக வைத்தாள். இரட்டைச் சடை போட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டினாள். தங்கச்சி தனக்கும் வேண்டும் என்று அழுதாள். அம்மா அவளுக்குத் தலைகூடச் சீவவில்லை. ஒழுகிய மூக்கையும் துடைத்துவிடவில்லை. என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அத்தை ஏதாவது கேட்டால் தலையைக் குனியாமல் பதில் சொல்லு என்றாள். எனக்கு வராத காரியம் அது. இந்த வயதிலும் வரவில்லை.

அத்தை அல்வாவும், மாமாவின் கடையிலிருந்து ஒரு கட்டு வர்ணக் காகிதமும் கொண்டுவந்தாள். அவ்வளவு வழவழப்பான தாளை நாங்கள் தொட்டதே இல்லை.

"ஆளுக்கு ஒரு மிருகம் செய்யுங்க, பாப்போம். நல்லா செய்யிறவளத்தான் கூட்டிட்டுப் போவேன்," என்றாள், விளையாட்டாகத்தான்.

நான் ரோஸ் தாளில் யானை செய்தேன். தும்பிக்கை கிழியாமல் வந்துவிட்டது. தங்கச்சி நாய்கூடச் செய்ய முடியாமல் தாளைக் கசக்கி, கிழித்து, கடைசியில் வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு அத்தைக்குக் கேட்காமல் விசும்பினாள்.

"அக்கா, அப்ப எனக்கு ஆனைய காட்ட மாட்டாங்களா?"

என் யானையை அவள் கையில் வைத்தேன். பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. அவள் அழுதால் கையில் இருப்பதைக் கொடுத்து அழுகையை நிறுத்துவதுதான் எனக்குப் பழக்கம். அத்தை முன்னால் போய் நின்று பேச வேண்டாம் என்பதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் ஓடிப்போய்க் காட்டினாள். நீயா செய்தாய் என்று அத்தை கேட்டதற்குத் தலையாட்டினாள். அத்தை முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். டீயோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"மைனி, அது பெரியவ செஞ்சதாக்கும். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. ராத்திரி பாய நனைப்பா. சொன்ன பேச்சு கேக்க மாட்டா. பெரியவள்னா வீட்டு வேல எல்லாம் செய்வா."

தங்கச்சியைப் பற்றி அம்மா வெளியாளிடம் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தை சிரித்தாள்.

"யாரு செஞ்சா என்ன? பெரியவளக் கொண்டுபோனா உன்னையே நெனச்சிட்டு மூலையில நிப்பா. சின்னதுன்னா சீக்கிரம் மறந்திரும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். வாசலோரம் உட்கார்ந்திருந்த அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பனி இறங்குவதற்கு முன்னால் விதுராவுக்குப் போகிற ஜீப்பில் அவர்கள் கிளம்பினார்கள். தங்கச்சி அழவே இல்லை. அத்தை மடியிலிருந்து யானையை ஆட்டிக்காட்டி, சிங்கத்தையும் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வதாகக் கத்தினாள். அம்மா வளைவு வரைக்கும் ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்தாள்.

தங்கச்சி அங்கேயே வளர்ந்தாள். நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். படித்தாள், ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போனாள். மலையாளம்தான் அவள் வாய்க்குச் சுலபம், என்னைச் சேச்சி என்பாள். எப்போதாவது எஸ்டேட்டுக்கு வந்தால் அம்மாவை மாமி என்று கூப்பிடுவாள். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையையும் கூப்பிடுகிற மாதிரி, என்ன மக்களே என்று அம்மா பதில் கொடுப்பாள்.

நானும் அம்மாவோடு கொழுந்துக் கூடை சுமந்தேன். கல்யாணமாகி இரண்டு பெண்களைப் பெற்று, அவர்களுக்குச் சடை பின்னிவிடும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிபட்டது. அம்மா என்னைத்தான் கொடுக்க நினைத்திருக்கிறாள். என்னை ஒரு நல்ல இடத்தில் சேர்க்கப் பார்த்தாளா, சின்னவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்த்தாளா? அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிறது.

அன்றைக்கு வளைவிலிருந்து திரும்பிவந்த அம்மா என்னைத் தன் முன்னால் உட்காரவைத்தாள்.

"ஏன்டி அத அவ கையில குடுத்த?"

"அழுதாம்மா."

அம்மா என் முதுகைத் தன் பக்கம் திருப்பினாள். காலையில் இறுக்கிக் கட்டிய ரிப்பனை அவிழ்த்தாள், சடையைப் பிரித்தாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்டது. நான் மிருகக்காட்சிசாலை பார்க்க முடியாமல் போனதற்குத்தான் வருத்தப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளைத் தேற்ற வேண்டுமே.

"அழாதம்மா. அடுத்த தடவ நான் போறேன்," என்றேன்.

அம்மா அந்த ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றிச் சுருட்டி, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த தடவைக்காகத்தான் எடுத்துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.