மரத்துப்போன விரல்கள்

அம்மா பேருந்தைப் பிடிக்க ஓடுகிற காட்சியை வரைந்துகொண்டிருந்தபோதுதான் கையிலிருந்து பென்சில் தானாக நழுவியது. பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் எனக்கு வேலை. பகலெல்லாம் கணினியில் மவுசைப் பிடித்து ஷூவின் மேல்பாகங்களை வரைவேன். அம்மாவுக்கு அங்கேயே தையல் பிரிவு. வீட்டுக்கு வந்தால் டேப்லெட்டில் வண்ணப்படம் போடுவேன். ஆனாலும் என் உயிர் காகிதத்தில்தான் கிடந்தது. அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் தாள்மேல் தாள் வைத்து, கீழே தெரியும் கோட்டை மயிரிழை தள்ளி மறுபடி வரைவது. அத்தனையையும் படமெடுத்து வரிசையாக ஓட்டினால் அம்மா ஓடுவாள், ஒரு கையில் டிபன் பையும் மறுகையில் தூக்கிப் பிடித்த புடவையுமாக.

"ஒரே பொம்மய எத்தினி வாட்டிடி போடுவ?" என்பாள்.

பாகாயம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கட்டைவிரலின் அடிச்சதையை அழுத்திப் பார்த்தார்.

"இந்த மேடு வத்த ஆரம்பிச்சிருச்சு. மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. தள்ளிப்போட்டா ஆபரேஷன் பண்ணாலும் பிடிமானம் முழுசா திரும்பாது."

"இப்பவே பண்ணா பழையபடி வரைவேனா?"

"பெரும்பாலும். உறுதியா சொல்ல முடியாது."

அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை. பாதியில் கையின் போக்கு மாறினால் திரையில் ஓடுகிறவள் வேறொருத்தி ஆகிவிடுவாள். ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்று பிடிவாதம் பிடித்தேன். வேகவேகமாக வரைந்தேன். அம்மாவின் தாடைக்கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராமல் வழுக்கிக்கொண்டே போனது. அழித்தேன், போட்டேன், அழித்தேன். தாள் கிழிந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கை போய்ட்டா இன்னாடி பண்ணுவ? நாளைக்கே கெளம்பு."

"இன்னும் கொஞ்சம்தான்மா."

"ஒண்ணும் வேணாம். நான் லீவு சொல்லிட்டேன்."

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை, கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். என் முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி. அந்தப் பக்கம் கத்தரி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெட்டுவது என் கையை என்று மனதுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கட்டுப் போட்டு முடித்ததும் கட்டைவிரலைத் தூக்கப் பார்த்தேன். அது கிடந்தபடியே கிடந்தது.

"மருந்து எறங்கணும். சாயங்காலத்துக்குள்ள சரியாகிடும்" என்றார் டாக்டர்.

ஆம்பூர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை அம்மா ஒவ்வொன்றாகக் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். கிள்ளுவதை நிறுத்தவில்லை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு குத்தல். அடுத்தது இன்னும் பலமாக. "வலிக்குதும்மா!" என்று கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட, அம்மா அதைத் தன் முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

தையல் பிரித்த பிறகு போட்ட முதல் கோடு புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்துகொண்டே, வட்டம், வளைவு என்று குழந்தை மாதிரி தொடங்கினேன். வாரங்கள் போகப் போகக் கோடு நேரானது. பதற்றத்தில் போட்ட தாள்களை மட்டும் கழித்துவிட்டு அவற்றை மறுபடி வரைந்தேன். ஓட்டிப் பார்த்தபோது ஓடியது அம்மாவேதான், வேறொருத்தி இல்லை.

போனில் காட்டினேன். மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"பஸ்ஸ புடிச்சிட்டனா?"

"அது இன்னும் போடலம்மா."

"அப்ப போடு. இன்னா வேடிக்க பாக்கற?"

நடுவிரல் நுனியில் மட்டும் உணர்ச்சி இன்னும் மந்தம்தான். பென்சிலைச் சற்று மேலே பிடித்து வரையப் பழகிக்கொண்டேன்.