நீல வாளியில் இறைத்த தண்ணீர்

"மேடம், இது இன்னா செவப்பு?" என்று கேட்டபடி ஆம்ப்ரோஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

பெங்களூரு வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் சங்கமித்ரா மங்களூரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் அளவெடுப்பு முடிந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். கேபிள் சுருள்களை ஒப்படைக்க வந்தவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உப்பு ஏறின கெணறு, அங்கிள். கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு. குடிக்கக்கூடாது."

"ஆத்தோரம் கடைசியா இருக்கே, அது நாம சாப்ட்ட டோரீனம்மா மெஸ் கெணறு இல்ல?"

"ஆமா. எல்லாத்துலயும் அதான் மோசம்."

"மோசமா? ரெண்டு சொம்பு குடிச்சேன்மா நானு. எளநி மாதிரி இருந்துச்சு."

"நாக்குக்குத் தெரியாது அங்கிள். மீட்டருக்குத்தான் தெரியும்."

"என் நாக்கு அம்பத்திரெண்டு வருசமா ஓடுது. உன் மீட்டருக்கு வாரன்டி எவ்ளோ?"

"ஒரு வருசம்."

சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "எந்த பக்கெட்ல எடுத்தோம்?"

அவள் யோசித்தாள். "நீலம்."

"வெள்ள பக்கெட்டு கயிறு அன்னைக்கு அறுந்து போச்சு. நீலத்த நான்தான் உட்டேன். கழுவல."

அவள் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பெரிதாக்கினாள்.

நிலத்தடி நீரைப் பார்க்க மண்ணில் இரும்புக் கம்பிகளை அடித்து மின்சாரம் விடுவார்கள். காய்ந்த மண்ணில் மின்சாரம் ஏறாது. அதனால் கம்பியின் காலடியில் உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். அதற்குத்தான் நீல வாளி. ஆற்றோரத்து ஈர மண்ணுக்கு உப்பே தேவையில்லை. ஆனாலும் பெங்களூரு மண்ணில் பழகிய குழு கல்லுப்பு மூட்டையை மங்களூரு வரை சுமந்து போயிருந்தது. வாளியின் அடியில் கரையாமல் தங்கிய உப்பு டோரீனம்மாவின் தண்ணீரில் கரைந்தது. மீட்டரைப் பிடித்து எண்ணைக் குறித்தவள் சங்கமித்ரா. வாளியின் நிறம் அவள் கண்ணிலும் பட்டிருந்தது.

ஆம்ப்ரோஸ் ஜீவனஹள்ளிக்காரர். பொம்மசந்திராவில் இரும்பு வார்க்கும் ஆலையில் பத்தொன்பது வருஷம் சம்மட்டி பிடித்தார். ஆலையை மூடியதும், அந்தக் கைக்காகவே நில ஆய்வு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. நிலநடுக்கம் வந்தால் எந்த மண் எவ்வளவு ஆடும் என்று அறிய, தரையில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். வரிசையாகப் புதைத்த கருவிகள் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஓர் இடத்துக்குப் பத்து அடி. பத்தும் ஒரே கனத்தில் விழும். அலைகளைத் திரையில் பார்த்தே அது அவர் அடித்ததென்று அவளால் சொல்ல முடியும். பக்கத்தில் வண்டி ஓடினால் அலை கெட்டுவிடும் என்பதால் ஓங்கும் முன் இடது கையைத் தூக்குவார். ஆட்டோக்காரர்கள்கூட நின்றுவிடுவார்கள். ஏன் சார் ரோட்டை அடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வலிக்குதான்னு பாக்கறோம்" என்பார் கன்னடத்தில்.

அறிக்கையில் அவர் பெயர் வராது. சம்மட்டிக்காரர் பெயரை யாரும் போடுவதில்லை.

சங்கமித்ரா மேலாளர் நாகேஷிடம் போய்ச் சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரிப்போர்ட் நேத்தே கார்ப்பரேஷனுக்குப் போயாச்சும்மா. மாத்தணும்னா திருத்தப் படிவம் இருக்கு. திரும்ப அளந்து, யார் தப்புன்னு பேர் எழுதிக் குடுக்கணும். அதனாலதான் அத யாரும் தொடறதில்ல. உனக்கு அடுத்த மாசம் வேல கன்ஃபர்மேஷன் வேற."

அவள் படிவத்தை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்தாள். கன்ஃபர்மேஷன் வந்தது. படிவம் இழுப்பறையிலேயே இருந்தது. ஆம்ப்ரோஸ் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை மட்டும் உயர்த்துவார். அவள் தலையசைப்பாள். நாளைக்கு என்று அதற்குப் பொருள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பியவர், செருப்பைக் கழற்றும்போதே விழுந்து இறந்துபோனார்.

ஜீவனஹள்ளி வீட்டில் கூட்டமாக இருந்தது. சங்கமித்ராவுக்கு அழுகை வரவில்லை. பெட்டியில் இருந்தவரின் வலது கை இடதைவிடப் பருமன் என்பதை மட்டும் கவனித்தாள். அவர் மனைவி கேரல் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அவர் பூசைக்குப் போயிருந்தப்ப மங்களூர்லேந்து ஒரு அம்மா அவர் போனுக்குப் பண்ணாங்க கண்ணு. கெணத்துக்கு செவப்பு பெயின்ட் அடிச்சு, வலை போட்டு மூடிட்டாங்களாம். மெஸ்ஸுக்குக் கேன் தண்ணி வாங்கிக் கட்டுப்படி ஆவலயாம். அவர்கிட்ட சொல்லுங்கன்னாங்க. இது எந்தக் கெணறு?"

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி. நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு போட்டு, புது வெள்ளை வாளியோடு மங்களூரு ரயில் ஏறினாள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி. டோரீனம்மா வலையின் ஒரு மூலையை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு, "அவர் வரலியா?" என்றார் கன்னடத்தில். இறந்துவிட்டார் என்று அவள் சொன்னாள். டோரீனம்மா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீரை முதலில் குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை. பிறகு மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் நல்ல தண்ணீர் என்றே மீட்டர் காட்டியது.

பெங்களூரு திரும்பியதும் படிவத்தை நிரப்பினாள். பழைய எண், புதிய எண், காரணம்: கழுவாத உப்பு வாளி. பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதி நாகேஷ் மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வலையை எடுக்க ஒரு மாதமாவது ஆகும் என்றார்.

இடத்துக்கு வந்து இழுப்பறையை மூடினாள். கேபிள்களை ஒப்படைத்த அன்றைக்கே, நாகேஷ் சொன்னதை அவள் வந்து சொன்னதும் ஆம்ப்ரோஸ் லிஃப்ட் வரை போய், கதவைக் காலால் தடுத்து நிறுத்தி, அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"எம் பேரயே எழுதிடும்மா. எனக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா கார்ப்பரேஷன்காரங்க வந்து கெணத்துக்கு பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எழுதிடு."