வேன் ஏறிய சைக்கிள்காரர்

அந்தத் தபால்காரர் முப்பத்தோரு வருடம் சைக்கிள் மிதித்தவர். மிதித்த மிதிக்கு நிலாவுக்கே போய்க் கடிதம் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் வாங்கி வந்திருக்கலாம். கடைசியில் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண, இனிமேல் பெடலில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அலுவலகம் இரண்டு வழி காட்டியது. ஒன்று, பார்சல் வேன். அதற்கு ஒரு வாரம் பரீட்சை. மூன்று தப்பு விழுந்தால் அவ்வளவுதான். இன்னொன்று, பின்கட்டில் ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து கடிதம் பிரிப்பது. தெருவைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் இருந்தால் இவருக்கு மூச்சு முட்டும். சினிமாவுக்குப் போனாலே இடைவேளைக்கு முன்னால் வெளியே வந்து நிற்கிற ஆள்.

ஓட்டத் தெரியாமல் இல்லை. லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆகிறது. சிக்கல் கைகளில் இருந்தது. சாலையோரம் வெள்ளைக்கோடு போட்ட சைக்கிள் பாதையைக் கண்டால் போதும், கை தானாக அந்தப் பக்கம் திருப்பிவிடும். முதல் நாளே வேனை அதற்குள் இறக்கி, ஒரு தெரு முழுக்க ராஜா மாதிரி போனார்.

பக்கத்து சீட்டில் இருந்த மேற்பார்வையாளர் அம்மா கேட்டார்: "இது என்ன வண்டின்னு ஞாபகம் இருக்கா?"

ஒரு தப்பு. மூன்றாம் நாள் அதே பாதையில் வேனை நிறுத்தி, ஒரு வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஒரு நிமிஷந்தான் மேடம்."

"அந்த ஒரு நிமிஷத்துல நாலு சைக்கிள் உங்க வண்டியைச் சுத்தி நடுரோட்டுக்குப் போச்சு."

இரண்டாவது தப்பு.

கடைசி நாள் காலையில் தட்டில் வைத்த ரொட்டி அப்படியே இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாலும் தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

"ஏங்க, அடுப்படிக்குள்ள சைக்கிள் எதுவும் வராது. தைரியமா திரும்புங்க" என்றாள் மனைவி.

"சிரிக்காதடி. இன்னைக்கு ஒரு தப்பு விட்டேன்னா, அந்த ரூமுக்குள்ளயே பூஞ்சை புடிச்சுச் செத்துருவேன்."

"பூஞ்சை புடிக்கிற அளவுக்கு உங்க உடம்புல இடம் ஏது? சாப்பிடுங்க."

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். சைக்கிள்களைத் தாண்டும்போதெல்லாம், நடுவில் ஒரு யானை படுத்துத் தூங்கலாம் என்கிற அளவுக்கு இடம் விட்டார். கோட்டைத் தொடவில்லை. பாதையில் நிறுத்தவில்லை. சட்டை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தது போல் ஆகிவிட்டது. ஒன்பது மணிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு திருப்பம். அலுவலகத்தின் முன்வாசலைத் தாண்டி, சைக்கிள் பாதைக்குக் குறுக்கே திரும்பி வண்டிவாசலுக்குள் நுழைய வேண்டும். பாதையில் வருகிறவர்கள் போன பிறகுதான் திரும்பலாம்.

திரும்புகிற விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தார். அந்த நேரம் பார்த்து முன்வாசலிலிருந்து தபால்காரர் பட்டாளம் மொத்தமும் சைக்கிளில் புறப்பட்டு வந்தது. முதலில் வந்தவன் வேனைப் பார்த்ததும் பிரேக் போட்டு, மேடத்தின் ஜன்னல் ஓரமாகக் காலை ஊன்றினான். பின்னால் வந்தவர்களும் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணே, நீங்க போங்க."

"நீ போடா."

"நீங்க சீனியர். நீங்க முதல்ல போங்க."

"இன்னைக்கு நான் சீனியர் இல்லடா, வேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த மேடம் பேனாவைத் திறந்தார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். திரும்பினால் சைக்கிளை மறித்ததாக எழுதுவார்கள். நின்றால் சாலையை மறித்ததாக எழுதுவார்கள்.

"டேய், மரியாதை குடுத்தே என் பொழப்புல மண்ணைப் போட்டுருவீங்க போல. போய்த் தொலைங்கடா."

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக மணி அடித்தபடி போனார்கள்.

மேடம் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். "அவ்வளவுதான். யாரும் இல்ல. திருப்புங்க."

அவர் திருப்பவில்லை. "நம்ம ஆபீஸ்ல சைக்கிள் பதிமூணு. பன்னெண்டு பேருதான் மேடம் போயிருக்காங்க. இன்னும் ஒருத்தன் இருக்கான்."

"எங்க?"

"தெரியல மேடம்."

அவன் இன்றைக்கு லீவாக இருந்தால்? பேனா காகிதத்துக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. முழங்கால் படக்கென்று முறிகிற மாதிரி சத்தம் போட, சீட்டிலிருந்து எழும்பி, மேடத்தின் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேனின் பின்மூலையில், எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத இடத்தில், ஒருவன் ஒரு கையால் பன்னைக் கடித்தபடி ஊர்ந்து வந்துகொண்டிருந்தான். வேனை உரசாத குறையாகக் கடந்து போனான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் திரும்பினார். முற்றத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் விரல்கள் ஸ்டியரிங்கை விட மறுத்தன.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் லீவுல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இன்னும் அங்கயேதான் மேடம் நின்னுட்டிருப்பேன்."

மேடம் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். "திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்து சாவி வாங்கிக்கங்க. இப்ப இறங்கலையா?"

"கால் வரமாட்டேங்குது மேடம். நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்."