கோணவாயன் கவிழ்ந்த மாலை

கோணவாயன் பொம்மையின் கீழுதட்டில் விட்டுப்போன தையலை அவள் மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். வலது ஓரம் தொங்க வேண்டும். ஆனால் பிய்ந்து விழக் கூடாது. ஆறு தையல் போட்டாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், பொம்மைக்குள் கையை விட்டு இரண்டு முறை வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஒழுங்காகத் தொங்கியது.

பதினெட்டு வருஷம் கார்ட்டூனில் கோணவாயன் அணைகளை உடைத்தான், ஊர்களைக் கொளுத்தினான், பிள்ளைகளைச் சாப்பாட்டு மேசைக்கடியில் ஒளிய வைத்தான். குரல் அவளுடையது. கார்ட்டூன் நின்றதும் சேனல்காரர்கள் வில்லனைக் கைப்பொம்மையாக்கி, பேட்டி நிகழ்ச்சியில் தொகுப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அன்று பயந்த பிள்ளைகள் இன்று முன்வழுக்கையோடு வந்து, அவன் விருந்தாளிகளின் காலை வாருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். மேசைக்கடியில் ஒளிவது இப்போது அவள் முறை. ஸ்டூடியோவில் அவளை 'அடிமேசை அக்கா' என்றே கூப்பிட்டார்கள். பொம்மைக்குள் இருப்பது ஒரு பெண் என்று வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது சேனலின் கட்டளை.

அடியில் ஒரு குட்டை முக்காலி, கையகல மானிட்டர், காதில் இயக்குநரின் குரல். அவர் சொல்வது அவளுக்குக் கேட்கும். அவள் வாயைத் திறந்தால் நேரே ஒளிபரப்பில் போய்விடும். ஆகவே தொகுப்பாளரும் அவளும் பேசிக்கொள்வது காலால். அவருடைய வலது பாதம் ஒரு தட்டு தட்டினால் குறுக்கே புகு. இரண்டு தட்டினால் வாயை மூடு. இன்னொரு வழக்கமும் இருந்தது. விருந்தாளி கதை அளந்தால் தொகுப்பாளர் தன் வாயைக் கோணவாயன் மாதிரியே தொங்கவிடுவார். "என் வாயைத் திருடிட்டான்!" என்று பொம்மை அலறும். ஒன்பது வருஷமாகியும் அதற்குச் சிரிப்பு குறையவில்லை.

அன்று மாலை நேரலை. மலையேறும் ஆள் ஒருவர் விருந்தாளி. கோணவாயன் அவருடைய தொப்பையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட, தொகுப்பாளரின் பாதம் இரண்டு தட்டு தட்டியது. அதில் ஒன்று அவள் விரல்மேலேயே விழுந்தது. மானிட்டர் ஓரத்தில் மணி ஏழு நாற்பத்தொன்று.

மலைக்காரர் மூன்று நாள் கயிற்றில் தொங்கிக்கொண்டே தூங்கிய கதையை எடுத்தார். மானிட்டரில் தொகுப்பாளரின் வாய் வலப்பக்கம் தொங்கியது. அவளுக்கு யோசனையே இல்லை, பழக்கம்தான். "என் வாயைத் திருடிட்டான்!" என்றாள். அரங்கம் அதிர்ந்தது.

வழக்கப்படி இப்போது, மேலே பேசு என்று ஒரு தட்டு வர வேண்டும். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கழற்றிப் போட்ட செருப்பு மாதிரிக் கிடந்தது. கெண்டைக்காலைக் கிள்ளினாள். அசையவில்லை. மேலே தொகுப்பாளர் ஏதோ சொன்னார். சொற்கள் கொழகொழவென்று வந்தன. அதற்கும் சிரித்தார்கள்.

மாமியாரை நாலு வருஷம் படுக்கையில் வைத்துத் துடைத்தவள் அவள். பக்கவாதம் வந்த கால் எப்படிக் கிடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமியார் விழுந்த அன்று, படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் அரை நாளைப் போக்கினார்கள். அந்த அரை நாளுக்குத்தான் நாலு வருஷம்.

தன் சொந்தக் குரலில், மைக்கில், தெளிவாகச் சொன்னாள்: "தொகுப்பாளர் தம்பிக்கு முடியல. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

அந்தக் குரலை அரங்கத்தில் யாரும் கேட்டதில்லை. கோணவாயன் பெண்குரலில் நடிக்கிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். காதில் இயக்குநர், "அக்கா, பொம்பளைக் குரல் பிரமாதம். விடாதீங்க" என்றார். இருபத்தேழு வருஷம் பொய் மட்டுமே சொன்ன வாய். அது உண்மை சொன்னால் யார் நம்புவார்?

அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும். அறுபத்திரண்டு வயது முட்டி இரண்டும் நெட்டி முறிய, முக்காலியைத் தள்ளிவிட்டு, தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றாள், கையில் பொம்மையோடு. அதற்கும் கைதட்டல். இயக்குநர் காதுக்குள், "உள்ளே போங்கக்கா, மூஞ்சி தெரியுது" என்று கத்தினார். அவள் பொம்மையைக் கையிலிருந்து உருவி, கேமராவுக்கு முன்னால் மேசைமேல் குப்புறப் போட்டாள். கோணவாயனை உயிரில்லாத துணியாக அதுவரை யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றது.

"இது விளையாட்டு இல்ல. பக்கவாதம்" என்றாள்.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். அவரைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினாள். மலைக்காரர் தண்ணீர்க் கோப்பையை நீட்ட, கையைத் தட்டிவிட்டாள். முழுங்க முடியாதவனுக்குத் தண்ணீர் எமன்.

மருத்துவமனையில் டாக்டர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? நேரம் உறுதியாகத் தெரிந்தால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியும். தொகுப்பாளரின் மனைவி, மதியம் இரண்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நன்றாக இருந்தார் என்றாள். அந்தக் கணக்கில் ஊசிக்கான நேரம் தாண்டியிருந்தது. இயக்குநர், ஏழே முக்காலுக்குக்கூட நடித்துக்கொண்டிருந்தாரே என்று இழுத்தார்.

"ஏழு நாற்பத்தொண்ணு வரைக்கும் வலது கால் நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

"எப்படி உறுதியாச் சொல்றீங்கம்மா?"

"என் விரலை மிதிச்சார், டாக்டர். இதோ பாருங்க."

நகத்தடியில் கன்றியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஊசிக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவள் போனபோது வாய் இன்னும் தொங்கியது, ஆனால் பேச்சு பாதி புரிந்தது. போர்வைக்குள் கையை விட்டு வலது பாதத்தைப் பிடித்தாள். கட்டைவிரல் மெல்ல அழுத்தியது. நர்ஸிடம் விழுங்கும் சோதனை முடிந்ததா என்று கேட்டாள். முடியும்வரை வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று மனைவியிடம் இரண்டு தடவை சொன்னாள். வீடு திரும்பும்போது சேனலிலிருந்து போன்: ஊரே அவளைப் பற்றித்தான் பேசுகிறதாம், இன்று மாலை கோணவாயனை மட்டும் வைத்து நடத்தலாமா?

"அவனுக்கு வாய் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், ஸ்டூடியோவிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த கோணவாயனை மடியில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தரியை எடுத்து, வாயை நேராகத் தைப்பதற்காக, முந்தின நாள் போட்ட ஆறு தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.