ஆமென் சொல்லாத ஹெலன்

தேர்தல் முடிவு வந்த அன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஹெலன் வேலை பார்த்த பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. பேக்கிங் பகுதியில் யாரும் போனைக் கையில் எடுக்கக் கூடாது. அன்றைக்கு சூப்பர்வைசர்களே போனும் கையுமாகத் திரிந்தார்கள். ஹெலன் யாரிடமும் கேட்கவில்லை. கம்பெனிக்குக் கூலியாட்களை அனுப்பும் காண்ட்ராக்டரின் ஆளான குணா லட்டு டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்த நடையிலேயே, டெல்லியில் யார் உட்காரப்போகிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"எடுத்துக்கோ ஹெலனக்கா. இங்க தோத்தா இன்னா, டெல்லி நம்மளுது."

"எனக்கு சுகர்."

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது. இனிமே எல்லாரும் எங்க லட்டத்தான் துண்ணணும்." சிரித்தபடியே ஒன்றை எடுத்து அவள் முன்னாலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஹெலனுக்குச் சர்க்கரை நோய் எதுவும் கிடையாது. லட்டை எடுத்துக் கழிவு டிரம்மில் வீசினாள். கை பிசுபிசுத்தது. திரும்பிப் பார்த்தால், பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் ஒடிசாக்காரன் சுதாம் ஒரு லட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது அவன் மேல் கொட்டியது.

"துண்ணுடா, நல்லா துண்ணு! உங்க ஊர்க்காரனுங்கதான வாரி வாரி ஓட்டு போட்டீங்க? அங்க அவனுக்குக் குத்திட்டு இங்க வந்து எங்க பொழப்புல கை வெக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

சுதாம் பாதி லட்டோடு நின்றான். "அக்கா..." என்று எதையோ சொல்ல வாயெடுத்தான். ஹெலன் காது கொடுக்கவில்லை. மிஷின் சத்தத்தைவிட உரக்கப் பெட்டிகளைத் தள்ளினாள்.

அவளுக்கு அந்தக் கோபம் அன்று வந்ததல்ல. அவளுடைய அப்பா சுப்பராயன் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு, அறுத்து, களத்திலேயே செத்துப்போனவர். ஊர்க் கோயில் தேர் சேரிப் பக்கம் வந்ததே இல்லை. ஒரு நாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஜெபத்துக்குப் போனவரை, பாயில் எல்லாரோடும் சேர்த்து உட்கார வைத்தார்கள். அவர் வேதம் படித்துக் கிறிஸ்தவர் ஆகவில்லை. உட்கார இடம் கொடுத்ததால் ஆனார். பெண்ணுக்கு ஹெலன் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார், "கிறிஸ்டியன்னு எழுதுனா எஸ்.சி. சலுகை போய்டும்யா," என்று சொல்லிக் கன்னியம்மா என்று எழுதினார். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பெயர். குடியிருக்கும் இடம் மாறவில்லை, பிணம் புதைக்கும் இடம் மாறவில்லை. சாமி மாறியதும் சாதி மட்டும் போய்விட்டதாக அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது.

இந்த முறை ஆட்சி மாறும், மதம் மாறினால் சலுகை போகிற அந்தச் சட்டமும் மாறும் என்று பலர் சொன்னார்கள். ஹெலன் நம்பினாள். நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் தங்கை எமிலி வடக்கே ஓர் ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். போன வருஷம், கூட வேலை செய்யும் பெண்ணின் குழந்தைக்குப் பிறந்தநாள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு கூட்டம் புகுந்து அடித்தது. பின்னாலேயே வந்த போலீஸ், எமிலி உட்பட அடி வாங்கியவர்களை, மதம் மாற்றினார்கள் என்று வண்டியில் ஏற்றியது. ஜாமீனில் வெளியே வந்த எமிலி இப்போது போனில் இயேசு என்ற பெயரைச் சொல்வதில்லை. "பெரியவரு பாத்துப்பாருக்கா," என்று குரலைத் தாழ்த்தி வைத்துவிடுகிறாள்.

அதனால்தான் தேர்தலுக்கு முன்னால் ஒரு மாசம் ஹெலன் மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தாள். "எனக்கு ஊடு கேக்கல, நக கேக்கல. இந்த ஒண்ண மட்டும் குடு," என்று கேட்டாள். கிடைத்தது குணாவின் லட்டு.

அன்று சாயங்காலம் அவள் சோறு வடிக்கவில்லை. ஸ்டேஷனுக்கும் சிப்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் ராஜமாணிக்கம் கடையில் இட்லி வாங்கி வந்து பிரித்து வைத்தான். அவன் கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் மட்டும் ஜெபத்துக்கு வருகிற ஆள்.

"வுடு ஹெலன். அஞ்சு வருசம் கண்ண மூடிக்கினா போய்டும்."

"கண்ண மூடிக்கினா நம்ம ஊட்டயே தூக்கிக்கினு பூடுவான்யா."

"அதுக்கு சோறு துண்ணாம கெடந்தா ஆச்சா?"

"நான் ஒருத்தங்கிட்ட கேட்டேன். அவன் காது குடுக்கல. அவங்கிட்டதான் எனக்குச் சண்ட. நீ துண்ணுட்டுப் படு."

புதன்கிழமை தோறும் சாயங்காலம் ஜெபக் கூட்டம் உண்டு. அவர்கள் கூடுமிடம் ஏரிக்கரை ஓரம் காலனியில் ஒரு தகரக் கொட்டாய். விதவையான அஞ்சம்மாள் தன் மனையில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தாள். பாஸ்டர் ராபின் முன்பு அதே சிப்காட்டில் வெல்டராக இருந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். நல்ல மனுஷன், ஆனால் பயந்த சுபாவம். அந்தப் புதன்கிழமை அவர் ஜெயித்தவர்களுக்காக நீளமாக ஜெபித்தார். தேசத்தை ஆளப் போகிறவர்களுக்கு ஞானம் தாரும், நீண்ட ஆயுள் தாரும் என்றார். கொட்டாய் முழுக்க ஆமென் சொன்னது. ஹெலன் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்டர்," என்றாள். பாட்டை ஆரம்பிக்கப் போனவர் நின்றார். "அவங்களுக்கு ஆயுசு குடுன்னு கேட்டீங்க. செரி. அடிபட்டவங்களுக்கு நாயம் குடுன்னு ஒரு வார்த்த கேக்கலியே?"

"சிஸ்டர், ஆளுறவங்களுக்காக ஜெபிக்கணும். அதுதான் நமக்குச் சொல்லியிருக்கு."

"ஜெபிக்கச் சொல்லியிருக்கு. பயந்துக்கினு சாவச் சொல்லியிருக்கா?"

யாரோ 'ஸ்தோத்திரம்' என்று சொல்லிப் பேச்சை மூடப் பார்த்தார்கள். ஹெலன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

வெள்ளிக்கிழமை குணா நாலைந்து பைக்குகளோடு ராபின் வீட்டு வாசலில் போய் நின்றான். கொட்டாய்க்குக் கலெக்டர் அனுமதி இருக்கிறதா, யார் யாரை மதம் மாற்றுகிறீர்கள் என்று கேட்டான். "ஞாயித்துக்கெழம கூட்டம் நடந்துச்சுன்னா கொட்டாய் இருக்காது பாஸ்டர். இப்ப காலம் மாறிப்போச்சு, தெரியும்ல?" என்றான். அன்று சாயங்காலமே ராபின் கொட்டாயைப் பூட்டினார். நிலைமை சரியாகும்வரை அவரவர் வீட்டில் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினார். ஹெலன் அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். குணாவின் மேல் வந்ததைவிட ராபின் மேல் அதிகம் கோபம் வந்தது. அவர் மேல் வந்ததைவிட, மேலே இருப்பவன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற? கொட்டாயதான் பூட்டிக்கீதே," என்றான் ராஜமாணிக்கம்.

"பூட்டு எம்மாம் பெருசுன்னு பாத்துட்டு வரேன்."

கொட்டாய் வாசலில் அஞ்சம்மாள் மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கதவில் கைப்பிடி அளவுக்குப் பித்தளைப் பூட்டு. ஹெலன் அதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். முழங்காலிடவில்லை. நின்றபடியே, தகரக் கூரைக்கு மேலே பார்த்துக் கத்தினாள்.

"இன்னா பாத்துக்கினுகீற? எங்க நைனாவுக்கு ஒரு பாய் போட்டு ஒக்கார வெச்சியே, இப்ப அதையும் சுருட்டிக்கினியா? ஒரு மாசம் வயித்தக் காய வெச்சிக் கேட்டனே, காதுல வுழலியா? அடிச்சவன் லட்டு குடுக்குறான். அடிபட்டவ ஒம்பேரச் சொல்ல முடியாம முழிக்கிறா. நாயமா இது? நீயே சொல்லு!"

அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வீட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்த சபைக்காரர்களில் சிலர் ஒவ்வொருவராக வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கத்தி முடித்து மூச்சு வாங்கித் திரும்பினால், பின்னால் சுதாம் நின்றிருந்தான். துவைத்து மடித்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கூட அவன் ஊர்க்காரர்கள் மூன்று பேர்.

"நீ இன்னாடா இங்க?"

"பிரேயர், அக்கா." அவன் தமிழைத் தேடித் தேடிப் பேசினான். "ரொம்ப நாள் வெளிய நிக்கிறேன். பாட்டு கேக்குறேன். உள்ள வர பயம்."

"பிரேயரா? நீ கிறிஸ்டியனா?"

"அப்பா, தாத்தா, எல்லாம் கிறிஸ்டியன். நான் சின்னப் பையன், அப்போ எங்க சர்ச் எரிச்சிட்டான். வீடும் எரிச்சிட்டான்." பிறகு, இத்தனை நாள் சொல்லக் காத்திருந்ததுபோல் சொன்னான். "அக்கா, நான் ஓட்டு போடல. காண்ட்ராக்டர் லீவு குடுக்கல."

ஹெலனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப அந்த லட்ட ஏன்டா துண்ண?"

"சாப்புடலன்னா குணா அண்ணன் கேப்பான். நீ யாரு, ஏன் சாப்புடல. அப்புறம் வேலை போச்சு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். "தப்பாப் பேசிட்டேம்பா. ஆரு மேலயோ இருந்த ஆத்தரத்த ஒம்மேல காட்டிட்டேன். மனசுல வெச்சிக்காத."

அவன் தலையை ஆட்டினான். சர்ச் எரிந்த பிறகு எங்கே கும்பிட்டீர்கள் என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

"காட்டுல. மரத்துக்குக் கீழ. பாட்டு மெதுவா, ரொம்ப மெதுவா. ரெண்டு வருசம்."

"காட்லயும் வுடலியா நீங்க?" என்றாள் ஹெலன்.

"வுட்டா எங்க போறது அக்கா?"

ஹெலனின் கோபம் தணியவில்லை. ஆனால் அது நிற்க ஓர் இடம் கிடைத்தது.

யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். ராபின் வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளிறியது. ஹெலன் கையை நீட்டினாள்.

"சாவி."

"சிஸ்டர், எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"தெரியும் பாஸ்டர்." முதல் தரமாக அவள் குரல் இறங்கியது. "நீங்க ஊட்டுக்குப் போங்க. ஹெலன்தான் புடுங்கித் தொறந்தான்னு சொல்லிடுங்க. ஒங்கமேல பழி வராது."

ராபின் சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை. போய்த் தானே பூட்டைத் திறந்தார்.

மைக் போடவில்லை. ஆனால் பாட்டு ஏரிக்கரைவரைக்கும் கேட்டது. சுதாமின் ஆட்கள் பழக்கதோஷத்தில் வாய்க்குள்ளேயே முனகினார்கள். "இங்க சத்தமாப் பாடுங்கடா," என்றாள் ஹெலன். பாஷை தெரியாமலேயே சத்தமாகப் பாடினார்கள்.

பாதியில் குணா வந்தான். உள்ளே வரவில்லை. பைக்கில் உட்கார்ந்தபடி போனைத் தூக்கிப் படம் பிடித்தான். ஹெலன் எழுந்து வெளியே போய் அவன் முன்னால் நின்றாள்.

"தூரத்துல இருந்து எடுத்தா மூஞ்சி தெரியாது. கிட்ட வா. பேரு ஹெலன். சர்டிபிகேட்ல கன்னியம்மா. ரெண்டையும் போட்டு அனுப்பு, எவனுக்கு வேணுமோ அவனுக்கு."

"அக்கா, நல்லதுக்கு சொல்றேன். வேல கீல வேணாமா ஒனக்கு?"

"ஒங்கப்பன் குடுத்த வேலயாடா அது? போடா, எடுத்துக்கினியில்ல, போ."

குணா முறைத்தான். காலனிக்காரர்கள், ஜெபத்துக்கே வராத இந்துக் குடும்பங்களின் ஆண்கள் உட்பட, வாசல்களில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவன் அன்று ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் கம்பெனி கேட்டில் செய்தான். ஹெலனின் பெயரைக் காண்ட்ராக்டர் அடித்துவிட்டதாக செக்யூரிட்டி சொன்னார். எத்தனையோ வருஷ வேலை, கேட்டுக்கு வெளியே நின்றபடி முடிந்துபோனது. அவள் அங்கேயே நின்று அரைமணி நேரம் சத்தம் போட்டாள். யாரும் வந்து பதில் சொல்லவில்லை. இப்போது மசாலா பாக்கெட் போடும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறாள். நெடி கண்ணில் ஏறுகிறது, சம்பளமும் குறைவு.

சுதாமை யாரும் எதுவும் கேட்கவில்லை. குணாவின் படத்தில் அவன் முதுகு மட்டும்தான் விழுந்திருந்தது. அது ஹெலனுக்குப் பெரிய ஆறுதல்.

கொட்டாயில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை நடக்கிறது. கொட்டாய்க்கு அனுமதி இல்லை என்று குணா கொடுத்த புகாரின் பேரில் பொன்னேரி ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை வைத்திருக்கிறார்கள். முதல் விசாரணைக்கு ராஜமாணிக்கத்தின் ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போனார்கள். ராபின் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஹெலன் திட்டிக்கொண்டே வந்தாள். டெல்லியை, காண்ட்ராக்டரை, ரோட்டுப் பள்ளத்தை, கேட்டதைக் கொடுக்காத கடவுளை.

"இவ்ளோ திட்டுறியே, அப்புறம் ஏன் அவரத் தேடிக்கினு ஓடுற?" என்று ராஜமாணிக்கம் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"திட்டுறதுக்கு வேற ஆருகீறா எனக்கு? காது குடுப்பாருன்னுதான திட்டுறேன்."

மத்தியானம்வரை வராந்தாவில் நிற்க வைத்து, வேறொரு நாள் வரச் சொன்னார்கள். வெளியே கையேந்தி பவனில் எல்லாரும் பரோட்டா தின்றார்கள். ராபின் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ரெண்டு வார்த்தை ஜெபித்தார். நடுரோட்டில், கொஞ்சம் சத்தமாகவே.